இஷ்த்வான் ஏர்கேனியின் ‘தோத் குடும்பம்’: மேஜரை வெட்டியது கிளர்ச்சியா, கீழ்ப்படிதலா?

#1 · கரிசல்வாசகன்

தலைப்பிலேயே கேள்வியைப் போட்டுவிட்டேன். நாடகத்தைப் படிக்காதவர்களுக்காகக் கதையையும் ஆளையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முடிவு தெரிந்துவிடும். ஆனால் முடிவு தெரிந்து படித்தாலும் இதன் பலம் குறையாது.

ஹங்கேரிய எழுத்தாளர் இஷ்த்வான் ஏர்கேனி 1912-இல் புடாபெஸ்டில் பிறந்தவர். அப்பா சொந்தமாக மருந்துக்கடை வைத்திருந்தார். வசதியான யூதக் குடும்பம். மகனும் மருந்தியல் படித்துப் பட்டம் வாங்கினார், அப்புறம் வேதிப் பொறியியலும் முடித்தார். மனசு என்னவோ எழுத்தில்தான் இருந்தது. கவிஞர் அத்திலா யோஜெஃப் ஆசிரியராக இருந்த ‘செப் சோ’ என்ற இதழைச் சுற்றியிருந்த இளைஞர் கூட்டத்தில் இவரும் ஒருவர். 1941-இல் ‘கடல் நடனம்’ என்ற முதல் சிறுகதைத் தொகுப்பு வந்தது.

அடுத்த வருஷமே வாழ்க்கை திசை மாறியது. ஜெர்மனியின் கூட்டாளியாக இருந்த ஹங்கேரி சுமார் 2 லட்சம் பேரை தோன் ஆற்றங்கரைக்கு, ரஷ்யப் போர்முனைக்கு அனுப்பியது. யூதர்களுக்குத் துப்பாக்கி கிடையாது. கட்டாய உழைப்புப் படை என்ற பெயரில் குழி வெட்டவும் கண்ணிவெடி அகற்றவும் கொண்டுபோனார்கள். ஏர்கேனி அந்தப் படையில் போனார். 1943 ஜனவரியில் சோவியத் தாக்குதலில் அந்த ராணுவமே சிதைந்தது. பாதிக்கு மேல் செத்தார்கள், காயப்பட்டார்கள், அல்லது பிடிபட்டார்கள். ஏர்கேனி பிடிபட்டார். போர்க் கைதியாக இருந்துவிட்டு 1946 கடைசியில்தான் ஊர் திரும்பினார். முகாமில் இருந்தபோதே ‘வரோனெஷ்’ என்று ஒரு நாடகம் எழுதினார். சக கைதிகளைப் பற்றி ‘முகாம்களின் மக்கள்’ என்ற நூல் 1947-இல் வந்தது.

‘தோத் குடும்பம்’ குறுநாவலாக 1966-இலும் நாடகமாக 1967-இலும் வந்தது. கதை இது. மலையோரத்தில் மாத்ராசென்தன்னா என்ற கிராமம். லாயோஷ் தோத் அந்த ஊர்த் தீயணைப்புப் படைத் தலைவர். மனைவி மரிஷ்கா, மகள் ஆகிகா. மகன் போர்முனையில். அவனிடமிருந்து கடிதம் வருகிறது: என் மேஜருக்கு நரம்புத் தளர்ச்சி, இரண்டு வார விடுப்பில் நம் வீட்டுக்கு வருகிறார், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் மனம் குளிர்ந்தால் மகனுக்கு நல்லது என்று குடும்பமே தவிக்கிறது. மகன் இறந்துவிட்டதாகத் தந்தி வருகிறது. ஊர்த் தபால்காரன் புத்தி சற்றுப் பேதலித்தவன், தோத் மீது பிரியம் உள்ளவன், அவருக்கு நல்ல சேதி மட்டும்தான் கொடுப்பேன் என்று இருப்பவன். அவன் அந்தத் தந்தியைக் கொடுக்காமல் அழித்துவிடுகிறான். ஆகவே பார்ப்பவர்களுக்குத் தெரியும், குடும்பத்துக்குத் தெரியாது: யாருக்காக இவ்வளவும் பொறுத்துக்கொள்கிறார்களோ அவன் உயிரோடு இல்லை.

மேஜர் வருகிறார். சின்னச் சத்தத்துக்கும் அதிர்கிறார். சும்மா இருப்பதுதான் மனிதனுக்குப் பெரிய கேடு என்று நம்புகிறவர். தாயும் மகளும் மேல்வருமானத்துக்காக அட்டைப்பெட்டி மடிப்பதைப் பார்க்கிறார், அதில் லயித்துவிடுகிறார். அன்று முதல் இரவு முழுக்க எல்லோரும் பெட்டி மடிக்க வேண்டும். தூக்கம் கிடையாது. கொட்டாவி விடக் கூடாது. இரண்டு வாரம் முடிந்து மேஜர் கிளம்புகிறார், குடும்பம் மூச்சு விடுகிறது. பாலம் தகர்க்கப்பட்டுவிட்டதால் ரயில் இல்லை என்று திரும்பி வந்து நிற்கிறார், இன்னும் மூன்று நாள் தங்கலாம் என்கிறார். தோத் அவரைப் பின்பக்கம் அழைத்துப்போகிறார், அட்டை வெட்டும் பெரிய கருவி நிற்கும் இடத்துக்கு. திரும்பி வந்ததும் மனைவி கேட்கிறாள்: மூன்றாக வெட்டினீர்களா? இல்லை, நான்கு சம துண்டுகளாக. நான் செய்தது சரிதானே? சரிதான், எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று உங்களுக்கு எப்போதும் தெரியும்.

இப்போது என் கேள்வி. இது ஒடுக்கப்பட்டவன் எழுந்த கணமா? எனக்கு அப்படித்தான் படுகிறது. ஆனால் அந்த ‘நான்கு சம துண்டு’ தொண்டையில் நிற்கிறது.

#2 · மேடைப்பக்கம்

கிளர்ச்சிதான். மேடையில் நிற்கிறவனாகச் சொல்கிறேன்.

இந்த நாடகத்தை வசனமாக மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும். மீதி தோத்தின் உடம்பில் இருக்கிறது. முதல் காட்சியில் அவர் நிமிர்ந்த ஆள். தீயணைப்புத் தலைக்கவசம் தலையில் நேராக உட்கார்ந்திருக்கும். ஊரே மதிக்கிற உயரம். மேஜருக்கு அந்த உயரம் ஒத்துவரவில்லை. தன் தலைக்கு மேலாகத் தோத் எதையோ பார்ப்பதுபோல் இருக்கிறது, பின்னால் யாரோ நிற்பதுபோல் திடுக்கிடுகிறார், ஆகவே கவசத்தைக் கண் வரைக்கும் இழுத்து இறக்க வேண்டும். கொட்டாவியை அடக்க வாயில் ஒரு டார்ச் விளக்கைக் கவ்விக்கொள்ள வேண்டும். கட்டிலுக்கு அடியில் ஒளிகிறார், பாதிரியார் வீட்டில் போய் ஒளிகிறார், கடைசியில் கழிப்பறைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறார், அது ஒன்றுதான் மேஜர் இல்லாத இடம். நடிகனாகப் பார்த்தால் ஒரு மனிதன் அங்குலம் அங்குலமாக மடிக்கப்படுகிறான். கடைசியில் அந்த உடம்பு மறுபடி நிமிர்ந்து வெளியே நடக்கிறது. அந்த நிமிர்வைக் கிளர்ச்சி என்று சொல்லாமல் வேறென்ன சொல்ல?

1967-இல் தாலியா அரங்கில் காரோய் கசிமிர் இயக்கியபோது மேஜராக நடித்தவர் சோல்தான் லட்டினோவிட்ச். 1969-இல் சோல்தான் ஃபாப்ரி படமாக எடுத்தபோதும் அவரே. தோத்தாக இம்ரே ஷிங்கோவிட்ச். படம் கிடைத்தால் பாருங்கள். லட்டினோவிட்சின் மேஜர் கத்துகிற முரடன் கிடையாது. மரியாதையாகப் பேசுகிறவர், நொறுங்கிப்போனவர், அந்த மரியாதையாலேயே பயமுறுத்துகிறவர்.

#3 · செம்பருத்தி

மேடைப்பக்கம் அண்ணா, உடம்பைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். முடிவைப் பற்றி ஏற்க முடியவில்லை.

எந்தக் கருவியால் வெட்டினார்? குடும்பத்தை வதைத்த அதே அட்டை வெட்டும் கருவி. அதைப் பெரிதாகச் செய்ததே தோத்தான், பெட்டி வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று. எப்படி வெட்டினார்? சம துண்டுகளாக. பெட்டிக்கு அட்டை வெட்டுவதுபோல அளவு பிசகாமல். மனைவி என்ன சொல்கிறாள்? நன்றாகச் செய்தீர்கள் என்கிறாள். மேஜர் கற்றுக்கொடுத்த பாடத்தில் தோத் முதல் மாணவனாகத் தேறிவிட்டார். மேஜர் போய்விட்டார், மேஜரின் ஒழுங்கு வீட்டிலேயே தங்கிவிட்டது.

இன்னொன்று. மகன் இறந்தது தோத்துக்குத் தெரியாது. அவர் அறிந்தவரை மகன் உயிரோடு இருக்கிறான், அவன் உயிர் இந்த மேஜரின் கையில் இருக்கிறது. அந்த மேஜரைத்தான் வெட்டுகிறார். அவர் மனதளவில் அன்று இரண்டு பேரைக் கொன்றிருக்கிறார். இதை வெற்றி என்று கைதட்ட என்னால் ஆகாது.

#4 · கரிசல்வாசகன்

செம்பருத்தி, இரண்டாவது பத்தி என்னை நிறுத்திவிட்டது. தந்தியின் இடம் எவ்வளவு முக்கியம் என்பது இப்போதுதான் தெளிவாகிறது. மகன் சாவு நமக்குத் தெரிவதால் அவர்கள் படும் பாடு வீண் என்று நினைத்துக்கொண்டே பார்க்கிறோம். முடிவில் அதே விஷயம் வேறு வேலை செய்கிறது: மேஜரைக் கொன்றதால் மகனுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை என்று நம் மனது அமைதியடைகிறது. அந்த அமைதி தோத்துக்குக் கிடையாது. அவர் மகனையும் சேர்த்துப் பணயம் வைத்துத்தான் நிமிர்ந்தார்.

அப்படியென்றால் கிளர்ச்சியின் விலை கூடுகிறதே தவிர, அது கிளர்ச்சி இல்லை என்று ஆகிவிடுமா?

#5 · மாத்திரைப்பெட்டி

மருந்தாளராக வேலை பார்க்கிறேன். ஏர்கேனி மேல் எனக்குப் பிரியம் வர அதுவும் ஒரு காரணம். அவர் எழுதிய மிகச் சிறிய கதைகளான ‘ஒரு நிமிடக் கதைகளை’ப் பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன். அவர் பெயரை ஹங்கேரியில் வீட்டுக்கு வீடு கொண்டுபோனது 1968-இல் வந்த அந்தத் தொகுப்புதான்.

முகப்பிலேயே ‘பயன்படுத்தும் முறை’ என்று ஒரு குறிப்பு இருக்கிறது. முட்டை வேகும் நேரத்தில், தொலைபேசி இணைப்புக் கிடைக்கும்வரை காத்திருக்கும் நேரத்தில் படிக்கலாம் என்கிறார். மனசு சரியில்லாவிட்டாலும் பரவாயில்லை. புரியாவிட்டால் திரும்பப் படியுங்கள், அப்போதும் புரியாவிட்டால் தப்பு கதையில்தான், முட்டாள் மனிதர்கள் என்று யாரும் இல்லை, மோசமாக எழுதப்பட்ட ஒரு நிமிடக் கதைகள்தான் உண்டு என்று முடிக்கிறார். வாசகர் மேல் இவ்வளவு மரியாதை வைத்த முன்னுரையை நான் அதிகம் பார்த்ததில்லை. எழுத்தாளர் சொல்வது மிகக் குறைவாகவும் வாசகர் கற்பனை செய்வது மிக அதிகமாகவும் இருக்கும் சமன்பாடு என்று இந்தக் கதைகளை அவரே விளக்கியிருக்கிறார். வேதியியல் படித்த கை தெரிகிறது.

அந்தப் போர்க்காலம் நேரடியாக வரும் கதை ஒன்று, டாக்டர் கே. எச். ஜி. என்ற கைதியின் நினைவாக எழுதியது. அரைப்பக்கம்கூட வராது. செத்த குதிரைக்குக் குழி வெட்டிக்கொண்டே அந்தக் கைதி ஜெர்மன் காவலனிடம் கேட்கிறார்: ஹெல்டர்லினைத் தெரியாதா? யார் அது? ஜெர்மன் கவிஞர் என்று விளக்குகிறார். அப்புறம் வரிசையாக மற்ற ஜெர்மன் மொழிக் கவிஞர்களைக் கேட்கிறார். ஹைனே? அதுவும் தெரியாது. ஷில்லர்? பெயர் தெரியும். ரில்கே? அவரையும் தெரியும் என்கிறான் காவலன். முகம் சிவந்துபோய், டாக்டர் கே. எச். ஜி.யைச் சுட்டுவிடுகிறான். அவ்வளவுதான் கதை.

அந்தக் காவலனை மேஜரோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டு பேருமே ஒரு கணம் தான் சிறியவன் என்று உணர்ந்துவிடுகிறார்கள். ஒருவன் துப்பாக்கியை எடுக்கிறான், மற்றவன் எதிராளியின் தொப்பியைக் கண்வரை இறக்குகிறான். ஏர்கேனி கண்ட கொடுமையின் வேர் அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

#6 · மேடைப்பக்கம்

மாத்திரைப்பெட்டி ஐயா, அருமை. அந்தக் காவலன் ரில்கேயைத் தெரியும் என்று சொல்லும்போது பொய் சொல்கிறான். அந்தப் பொய்யைத் தாங்க முடியாமல்தான் சுடுகிறான். இதை எங்கேயும் விளக்காமல் முகம் சிவந்தது என்பதோடு விட்டிருக்கிறார். நாடக ஆசிரியரின் கதை அது, நடிகனுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

#7 · நீர்க்கோடு

எல்லோரும் புகழ்வதால் சங்கடமான பக்கத்தை நான் கொண்டுவருகிறேன். 1950-களின் தொடக்கத்தில் இதே ஏர்கேனி ஆளும் கம்யூனிஸ்ட் கட்சி விரும்பிய பாணியில் எழுதினார். ‘தம்பதியர்’ என்று 1951-இல் வந்த நாவல் அந்த வகை. முகாமிலிருந்து நம்பிக்கையோடு வந்தவர், புது ஆட்சியை நம்பினார். உண்மைதான், 1952-இல் ‘ஊதா மை’ என்ற சிறுகதைக்காகக் கலாசாரப் பொறுப்பிலிருந்த யோஜெஃப் ரேவாய் அவரைக் கடுமையாகத் தாக்கினார். அதனால் பாதிக்கப்பட்டவர் என்ற பட்டம் கிடைத்துவிடுகிறது. ஆனால் அதற்கு முந்தைய எழுத்தை அவர் எழுதத்தானே செய்தார்?

1956-இல் ஹங்கேரியில் அந்த ஆட்சிக்கு எதிராக எழுந்த புரட்சியின்போது வானொலி மக்கள் பக்கம் வந்ததும் ஒரு அறிவிப்பு வாசித்தார்கள். இரவில் பொய் சொன்னோம், பகலில் பொய் சொன்னோம், எல்லா அலைவரிசையிலும் பொய் சொன்னோம் என்கிற பொருளில் வரும் புகழ்பெற்ற வாசகம். அதை எழுதியது ஏர்கேனி. புரட்சி நசுக்கப்பட்டது, சில வருஷங்கள் எழுத்துக்குத் தடை, மருந்துத் தொழிற்சாலையில் பொறியாளர் வேலை. இதெல்லாம் தெரியும். என் கேள்வி இதுதான்: அந்த வாசகத்தில் அவர் தன்னையும் சேர்த்துக்கொண்டாரா, வானொலியை மட்டும் குறை சொன்னாரா?

#8 · செம்பருத்தி

நீர்க்கோடு, நல்ல கேள்வி. ஆனால் பதிலை அறிவிப்பில் தேட வேண்டாம். அது ஒரு நிறுவனம் பேசும் குரல், அவசரத்தில் எழுதியது. பதில் நாடகத்தில் இருக்கிறது. ‘இரத்தப் புயலில் பிஷ்தி’யைப் பாருங்கள்.

பிஷ்தி என்பது இஷ்த்வான் என்ற பெயரைச் செல்லமாகக் கூப்பிடுவது. ஆசிரியரின் பெயரேதான். அந்த நாடகத்தில் பிஷ்தி ஒரே ஆளாக இல்லை. மேடையில் சிதறிப்போய் நிற்கிறான், செயல்படுகிறவன் ஒருவன், கூச்சப்படுகிறவன் ஒருவன் என்று. 20-ஆம் நூற்றாண்டு ஹங்கேரியில் ஒரு மனிதனுக்கு வாய்த்த எல்லா வேஷத்தையும் அவன் போடுகிறான். கொல்கிறவனும் அவன்தான், கொல்லப்படுகிறவனும் அவன்தான். டான்யூப் கரையில் சுடுகிற காட்சி வருகிறது. 1944-45 குளிர்காலத்தில் ஹங்கேரிய நாஜி ஆதரவாளர்களான அம்புச் சிலுவைக் கட்சிக்காரர்கள் யூதர்களை அந்தக் கரையில் நிறுத்திச் சுட்டு ஆற்றில் தள்ளியது பார்வையாளர்களில் பலர் நேரில் கண்ட சரித்திரம். தன் செல்லப்பெயரை வைத்த பாத்திரத்தைத் துப்பாக்கியின் இரண்டு பக்கமும் நிறுத்துகிற எழுத்தாளர் தன்னைத் தப்பவிட்டார் என்று சொல்ல முடியுமா?

1969-இல் எழுதி முடித்தார். மேடையேறியது 1979-இல், பத்து வருஷம் கழித்து. அனுமதி கிடைக்கவில்லை. பெஷ்ட் அரங்கில் சோல்தான் வார்கோன்யி இயக்கினார். அதே வருஷம் ஜூனில் ஏர்கேனி காலமானார். அந்தப் பத்து வருஷத்தை நினைத்தால் வயிறு எரிகிறது. எழுதிய சூட்டிலேயே மேடையில் பார்த்திருந்தால் அடுத்த நாடகங்கள் வேறு எங்கெல்லாம் போயிருக்கும்!

#9 · நீர்க்கோடு

பிஷ்தியை அப்படி நான் யோசிக்கவில்லை. அந்த வாதத்துக்கு எடை இருக்கிறது. ஆனாலும் ஒரு தயக்கம் இருக்கிறது. எல்லோரும் எல்லாமும் ஆனார்கள் என்று சொன்னால் யாருக்கும் தனிப்பொறுப்பு இல்லை என்று ஆகிவிடும் அபாயம் உண்டு. கரையில் நின்று சுட்டவனும் ஆற்றில் விழுந்தவனும் ஒரே பிஷ்தி என்றால், உண்மையில் விழுந்தவர்களின் குடும்பம் அதை எப்படிப் பார்க்கும்?

#10 · செம்பருத்தி

அந்தப் பக்கம் நின்று வந்தவர்தானே எழுதியிருக்கிறார். உழைப்புப் படையில் போய் உயிரோடு திரும்பிய யூதர். அவர் சொல்லும்போது அது குற்றவாளிக்குச் சலுகை ஆகாது. நானும் அந்த இடத்தில் பிறந்திருந்தால், அந்தச் சீருடை என் கைக்கு வந்திருந்தால் என்று யோசிக்கிற துணிச்சல் அது. சுட்டவன் வீட்டுப் பிள்ளை இதே நாடகத்தை எழுதியிருந்தால் நீங்கள் சொல்லும் ஆட்சேபத்தை நானே முதலில் வைத்திருப்பேன்.

#11 · புதுத்துளிர்

வணக்கம். இதுவரை ஏர்கேனி பெயரே கேள்விப்பட்டதில்லை, இழை முழுக்கப் படித்தேன். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்? போர், முகாம் இல்லாத படைப்பு ஏதாவது இருக்கிறதா? இருட்டு தாங்கும் மனநிலையில் இப்போது நான் இல்லை.

#12 · மாத்திரைப்பெட்டி

புதுத்துளிர், ‘பூனை விளையாட்டு’ உங்களுக்கானது. முதலில் குறுநாவல், அப்புறம் அவரே நாடகமாக்கி 1971-இல் மேடையேறியது. புடாபெஸ்டில் தனியாக இருக்கும் விதவை ஓர்பான் அம்மாள். அறுபது தாண்டியவர். ஓய்வுபெற்ற ஓபரா பாடகர் ஒருவர் மேல் காதல். அவர் வாராவாரம் சாப்பிட வருவார், ரசித்து நிறையச் சாப்பிடுகிற மனிதர். இடையில் பழைய தோழி பௌலா வந்து சேர்கிறாள், பாடகரின் கவனம் அவள் பக்கம் திரும்புகிறது. ஓர்பான் அம்மாளின் சகோதரி கீசா சக்கர நாற்காலியில், ஜெர்மனியில் மகனோடு வசதியாக இருக்கிறார். இருவருக்கும் இடையிலான கடிதமும் தொலைபேசியுமாகவே கதை நகர்கிறது. கீசா நிதானம், ஒழுங்கு, கௌரவம் பற்றிப் பேசுவார். ஓர்பான் அம்மாள் கோபிப்பார், பொய் சொல்வார், மானம் போகும்படி நடந்துகொள்வார், முழுசாக வாழ்வார்.

வயதான பெண்ணின் காதலைக் கேலிக்கு இடம் கொடுக்காமல் இவ்வளவு சிரிக்க வைத்து எழுத முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. காரோய் மாக் 1974-இல் எடுத்த படம் ஆஸ்கரில் சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது.

ஒரு எச்சரிக்கை மட்டும். வருத்தமே இல்லாத கதை என்று நினைத்துவிடாதீர்கள். தனிமை இருக்கிறது, தூக்க மாத்திரை இருக்கிறது. ஆனால் படித்து முடித்ததும் வாழ வேண்டும் என்ற ஆசை கூடும்.

#13 · கரிசல்வாசகன்

‘பூனை விளையாட்டு’ம் ‘தோத் குடும்ப’மும் ஒரே கையிலிருந்து வந்தவை என்பது மேலோட்டமாகத் தெரியாது. எனக்கு உள்ளே ஓர் ஒற்றுமை தெரிகிறது. இரண்டிலும் யாரோ ஒருவர் இன்னொருவருக்கு எப்படி வாழ வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். கீசா அன்பால் சொல்கிறார், மேஜர் அதிகாரத்தால் சொல்கிறார். ஓர்பான் அம்மாளுக்குக் கேட்காமல் இருக்கும் பாக்கியம் இருந்தது.

ஒரு நிமிடக் கதைகளில் எனக்குப் பிடித்ததையும் சொல்லிவிடுகிறேன். அது கதையே கிடையாது. டிராம் மாறிச் செல்லும் டிக்கெட்டில் அச்சடித்த விதிகள், அவ்வளவுதான். வாங்கியதிலிருந்து ஒரு மணி நேரம்தான் செல்லும், மிகக் குறுகிய வழியில்தான் போக வேண்டும், ஒரு தடத்தில் ஒரு முறைதான் பயணம் செய்யலாம், சுற்றிப் போவதும் நடுவில் இறங்கி நிற்பதும் கூடாது. ‘எதையெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்’ என்கிற மாதிரி ஒரு தலைப்பை மட்டும் மேலே வைத்திருக்கிறார். நிர்வாகம் எழுதிய விதி மனித ஆயுளைப் பற்றிய வாசகமாகிவிட்டது. ஒரு சொல்கூட அவருடையது இல்லை, ஆனாலும் முழுக்க ஏர்கேனி.

#14 · மேடைப்பக்கம்

அந்தப் பார்வைக்கு அவரே செய்முறை எழுதி வைத்திருக்கிறார். காலை அகட்டி நில்லுங்கள், முழுக்கக் குனியுங்கள், கால்களுக்கு நடுவே பின்பக்கம் பாருங்கள், அதுதான் க்ரோடெஸ்க், அதாவது கோணல் பார்வை, என்கிறார். உலகத்தில் எதையும் மாற்றச் சொல்லவில்லை. பார்க்கிறவன் நிலையை மாற்றச் சொல்கிறார்.

ஐரோப்பிய விமர்சகர்கள் இவரை அபத்த நாடகக்காரர்கள் வரிசையில் வைப்பது வழக்கம். ‘தோத் குடும்ப’த்துக்கு பிரான்சில் கறுப்பு நகைச்சுவைக்கான பரிசும் கிடைத்தது. அந்த வரிசை எனக்கு முழுக்க ஒப்பவில்லை. அபத்த நாடகத்தில் ஊர் எது, காலம் எது என்று பெரும்பாலும் தெரியாது. ஏர்கேனியிடம் ஊர் உண்டு, வருஷம் உண்டு, மேஜர் எந்தப் போர்முனையிலிருந்து வந்தார் என்பது உண்டு. அங்கே ஆயிரக்கணக்கானோர் பனியில் செத்துக்கொண்டிருக்கும்போது இங்கே பின்னிரவில் பெட்டி மடிக்கிறார்கள். நடந்த சரித்திரமே அவ்வளவு கோணலாக இருந்தது. அதைக் கோணல் குறையாமல் எழுதினார்.

செம்பருத்தி, உங்கள் வாதத்துக்கு வருகிறேன். தோத் கற்றுக்கொண்ட பாடத்தில் தேறிவிட்டார் என்றீர்கள். நாடகத்துக்கு முன்னால் ஏர்கேனி வைத்த கேள்வியை நினைவில் கொள்ளுங்கள். பாம்பு தன்னையே விழுங்கிவிட்டால் அங்கே பாம்பளவு வெற்றிடம் மிஞ்சுமா? மனிதனை அவன் மனிதத் தன்மையையே தின்ன வைக்கும் சக்தி ஒன்று உண்டா? உண்டா, இல்லையா, உண்டா என்று கேட்டுவிட்டு, சிக்கலான கேள்வி என்று நிறுத்திவிடுகிறார். உண்டு என்று அவர் தீர்ப்பளிக்கவில்லை. நீங்கள் அளித்துவிட்டீர்கள்.

#15 · செம்பருத்தி

நீங்களும் இல்லை என்று தீர்ப்பளித்துவிட்டீர்கள் அண்ணா! அந்த மூன்று கேள்விக்குறியில் ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

சரி, என் நிலையைக் கொஞ்சம் திருத்திச் சொல்கிறேன். தோத்தின் கோபம் அவருடையது. அது மேஜர் கொடுத்தது இல்லை, கழிப்பறைக்குள் உட்கார்ந்தபோதும் அவருக்குள் இருந்தது. அந்த அளவுக்கு மனிதன் மிஞ்சியிருக்கிறான். ஆனால் கோபத்தை வெளியே கொண்டுவர அவர் கையில் எஞ்சிய ஒரே மொழி, பெட்டி மொழி. வேறு எந்த விதமாகவும் செய்ய அவருக்குத் தெரியாமல் போய்விட்டது. கசிமிரும் லட்டினோவிட்சும் நடத்திய நாடகத்தை 1967-இல் பார்த்தவர்களுக்கு, நசுக்கப்பட்ட புரட்சியும் அப்புறம் வந்த தூக்குத் தண்டனைகளும் பதினோரு வருஷத்துக்குள் நடந்தவை. எழுந்து நின்றவன் என்ன ஆனான் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாடகம் மேஜர் சாவோடு நிற்கிறது. மறுநாள் காலை யார் வந்து கதவைத் தட்டுவார்கள் என்பதை ஏர்கேனி எழுதவில்லை, அரங்கில் இருந்தவர்கள் தாங்களே போட்டுக்கொண்டிருப்பார்கள்.

#16 · நீர்க்கோடு

பிந்தைய படைப்புகளையும் யாராவது எழுதுங்கள். நான் படித்தது ‘ரோஜாக் கண்காட்சி’ மட்டும், 1977-இல் வந்த குறுநாவல். இளம் தொலைக்காட்சி இயக்குநர் ஒருவர் சாகப்போகும் மூன்று பேரைப் படம் பிடிக்கிறார், சாவையே ஒளிபரப்பும் திட்டம். படம் பிடிக்கப் பிடிக்கச் சாகிறவர்களும் நடிக்கத் தொடங்குகிறார்கள், நேரம், வெளிச்சம், படப்பிடிப்பு வசதி என்று சாவு திட்டமிடப்படுகிறது. வீட்டுக்கு வீடு கேமரா வந்துவிட்ட நமக்கு அது இன்னும் நெருங்கி வந்திருக்கிறது. இந்த ஒரு புத்தகத்தில் அவர் மேல் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

#17 · மாத்திரைப்பெட்டி

கடைசி நாடகம் ‘திரைக்கதை’. மருத்துவமனையில் இருந்தபடிதான் முடித்தார். சர்க்கஸ் கூடாரத்தில் நடக்கிறது. வித்தைக்காரர் ஒருவர் வித்தை காட்டுவதுபோலவே பொய் வழக்கு விசாரணை நடக்கிறது. குற்றம் செய்யாதவன் தன் குற்றத்தைத் தானே நம்பி ஒப்புக்கொள்ளும்வரை நிகழ்ச்சி ஓடுகிறது. 1950-களின் போலி விசாரணைகளும் 1956-உம் அதில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அவர் மறைந்த பிறகு 1982-இல்தான் மேடையேறியது. நீர்க்கோடு, நீங்கள் கேட்ட கேள்விக்கு அவர் சாகும்வரை பதில் எழுதிக்கொண்டிருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தன் தலைமுறை எப்படி நம்பியது, நம்பி எதற்கெல்லாம் தலையாட்டியது என்பதை விட்டு அவர் கண் நகரவில்லை.

அவருடைய மனைவி ஜூஜா ராட்நோதி விக் அரங்கில் நாடக ஆலோசகராக இருந்தவர். ஏர்கேனிக்குப் பின் அந்த எழுத்துகள் ஒழுங்காகப் பதிப்பாகி மேடையேறியதில் அவர் உழைப்புக்குப் பெரிய பங்குண்டு. இந்த இழையில் அவர் பெயரும் இருக்கட்டும்.

#18 · புதுத்துளிர்

‘பூனை விளையாட்டு’ ஆரம்பித்துவிட்டேன். ஓர்பான் அம்மாள் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பூனைபோல ‘மியாவ்’ சொல்லி விளையாடும் இடம் வரை வந்திருக்கிறேன். முடித்ததும் ‘தோத் குடும்பம்’ படிக்கலாம் என்ற தைரியம் வந்திருக்கிறது.

#19 · கரிசல்வாசகன்

தாராளமாகப் படியுங்கள் புதுத்துளிர். முடிவை இங்கே சொல்லிவிட்டோம் என்பதால், போகும் வழியில் தபால்காரனைக் கவனித்துப் படியுங்கள். அவனைப் பற்றி நாங்கள் போதுமான அளவு பேசவில்லை. மேஜர் வீட்டுக்குள் வந்து செய்யும் கொடுமைக்கு முன்னாலேயே, ஊரில் யாருக்கு எந்தச் சேதி போக வேண்டும் என்று அவன் தீர்மானிக்கத் தொடங்கிவிடுகிறான். பிரியத்தால் செய்கிறான், ஆனால் அவன் அந்தத் தந்தியைக் கொடுத்திருந்தால் மேஜருக்கு ஒரு வேளைச் சாப்பாடுகூட அந்த வீட்டில் இவ்வளவு பணிவோடு கிடைத்திருக்காது. செம்பருத்தி, மேடைப்பக்கம், நீங்கள் இருவரும் தோத்தையும் மேஜரையுமே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். தபால்காரனின் அந்தப் பிரியத்தை எந்தப் பக்கத்தில் வைப்பீர்கள்?